ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அப்லேஷனுக்குப் பின் இரத்தப் பரிசோதனை எண்கள் எதைச் சொல்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயத் துடிப்பு நெடுநேரம் ஒழுங்கிழக்கும் கோளாறுகளில் மிகப் பரவலானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதற்கு அப்லேஷன் (கோளாறான மின் ஓட்டத்தைத் தழும்பால் தடுக்கும் சிகிச்சை) செய்துகொண்டவர்களும் செய்துகொள்ளவிருப்பவர்களும் ஆய்வகத் தாளில் உள்ள எண்களைப் பார்த்து எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண்கள் பயனுள்ளவை. ஆயினும் ஓர் எண் எந்தக் கேள்விக்கு விடையாகும் என்று தெரியாமல் படித்தால் வீண் பயம் வரும். சில வேளைகளில் அதைவிட ஆபத்தான வீண் துணிச்சலும் வரும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது? அப்லேஷன் அதை எப்படித் தடுக்கிறது?

இயல்பான இதயத்தில் வலது மேலறையிலுள்ள சைனஸ் முடிச்சு ஒன்றிடமிருந்தே ஒவ்வொரு துடிப்புக்குமான மின் கட்டளை பிறக்கிறது. இந்நோயில் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேலாகத் தாறுமாறாகத் துடிதுடிப்பதால் அவற்றால் முறையாகச் சுருங்க முடிவதில்லை. இடது மேலறையின் ஓரத்தில் பை போல் நீண்டிருக்கும் பகுதியில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வருகிறது.

பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் தலைமையிலான குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய சிகிச்சைக்கு வழி திறந்தது. 45 நோயாளிகளிடம் அவர்கள் கண்டறிந்த 69 மின் ஊற்றுகளில் 65, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு இரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. ஆகவே தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றிலும் வளையமாகத் தழும்பு உண்டாக்குகிறார்கள். மின்சாரம் தழும்பைக் கடந்து செல்லாது. வளையத்தை வெப்பத்தால் போடலாம், கடுங்குளிரால் போடலாம், அண்மை ஆண்டுகளில் பரவிவரும் மிகக் குறுகிய மின்துடிப்புகளாலும் போடலாம்.

சிகிச்சை வெற்றி என்று எதைச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இல்லாமல் எந்தப் பயோமார்க்கர் (நோயின் நிலையைக் காட்டும் இரத்தப் பொருள்) ஆய்வையும் படிக்க முடியாது. பெரும்பாலான ஆய்வுகளில், புண் ஆறும் தொடக்கக் காலம் கழிந்த பிறகு 30 விநாடி நீடிக்கும் ஒழுங்கற்ற மேலறைத் துடிப்பு ஒருமுறை பதிவானாலும் நோய் திரும்பியதாகவே கணக்கு. அந்தத் தொடக்கக் காலம் முன்பு 3 மாதமாக இருந்தது. 2024-இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த அறிக்கை அதை 2 மாதமாகக் குறைத்தது. புண் ஆறும் அந்த நாள்களில் வரும் துடிப்புக் கோளாறை நிலையான தோல்வியாக எண்ணுவதில்லை.

கனடாவில் 346 பேருக்கு நெஞ்சுத் தோலுக்கடியில் பதிவுக் கருவி பொருத்தி நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு, இந்த அளவுகோலின் குறையை எடுத்துக்காட்டியது. ஓராண்டில் சற்றேறக்குறையப் பாதிப் பேருக்கு எங்கோ ஒரு 30 விநாடிப் பதிவு இருந்தது. ஆனால் அவர்கள் ஃபிப்ரிலேஷனில் கழித்த மொத்த நேரமோ 98 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. "தோற்றவர்கள்" என்று அட்டவணையில் எழுதப்பட்டவர்களில் பலர் உண்மையில் நன்றாக இருந்தவர்கள். ஓர் இரத்த எண் "நோய் திரும்புவதை முன்கூட்டிச் சொல்கிறது" என்று படிக்கும்போது, அது சொல்வது இந்த 30 விநாடியையா அல்லது மூச்சிரைப்பும் படபடப்புமாக நோயாளி படும் பாட்டையா என்று முதலில் கேட்க வேண்டும்.

இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

மேலறைச் சுவர் இழுபட்டிருக்கிறதா என்பதற்கு பி.என்.பி., என்.டி.-புரோ பி.என்.பி.; தசை காயப்பட்டிருக்கிறதா என்பதற்கு ட்ரோபோனின்; அழற்சிக்கு சி.ஆர்.பி., இன்டர்லூக்கின்-6; தசைக்கு நடுவே நார்த்திசு படிகிறதா என்பதற்கு காலெக்டின்-3, எஸ்.டி.2 போன்றவை. இவற்றுள் கடைசி வகை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களோடு நிற்கிறது. மேலும், நார்த்திசு கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ படிந்தாலும் காலெக்டின் உயரும். அது எந்த உறுப்பின் குரல் என்று இரத்தம் சொல்லாது.

என்.டி.-புரோ பி.என்.பி.க்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இதயம் இரத்தத்தை இறைக்கும் பொறி மட்டுமன்று, ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட என்று உலகம் அறிந்துகொண்டதே மேலறையின் வழியாகத்தான். 1981-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்டு, எலியின் மேலறைத் திசுவிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது அவை உப்பையும் நீரையும் சிறுநீரில் பெருமளவு வெளியேற்றின. 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் உறவுப்பொருளான பி.என்.பி.யைப் பன்றியின் மூளையில் கண்டறிந்தார்கள். பெயரில் மூளை ஒட்டிக்கொண்டதற்கு அதுவே காரணம். சுரப்பதில் பெரும்பங்கு இதயத்தினுடையது.

இதயச் சுவர் இழுபடும்போது 108 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் ஒன்று உருவாகி இரண்டாகப் பிளக்கிறது. 32 அமினோ அமிலத் துண்டுதான் வேலை செய்யும் பி.என்.பி. மீதியுள்ள 76 அமினோ அமிலத் துண்டு என்.டி.-புரோ பி.என்.பி.; இதற்குத் தனி வேலை இல்லை, ஆனால் இரத்தத்தில் அதிக நேரம் தங்குவதால் அளப்பதற்கு வசதியானது. ஃபிப்ரிலேஷனில் மேலறை ஓய்வின்றி இழுபடுவதால், இதயச் செயலிழப்பு இல்லாதவரிடமும் இது உயர்கிறது. அப்லேஷனுக்கு முன் இந்த எண் அதிகமாக இருந்தவர்களிடம் பின்னாளில் நோய் திரும்புவது கூடுதல் என்று பல ஆய்வுகள் கண்டுள்ளன. சைனஸ் தாளம், அதாவது சைனஸ் முடிச்சு நடத்தும் இயல்பான துடிப்பு, நிலைத்துவிட்டால் சில வாரங்களில் எண் இறங்குகிறது.

என் எண் மிக அதிகம். எனக்கு அப்லேஷன் பலிக்காது என்று பொருளா?

இல்லை. இதைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டும். ஏனெனில் இந்தக் குழப்பத்தால் சிகிச்சையையே தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது, இரத்தம் எடுத்த நேரத்தில் உங்கள் இதயம் எந்தத் தாளத்தில் இருந்தது? விட்டு விட்டு ஃபிப்ரிலேஷன் வரும் ஒருவருக்கு, அது வந்திருக்கும் நாளில் எடுத்த இரத்தமும் அமைதியான நாளில் எடுத்த இரத்தமும் இருவேறு மனிதர்களுடையவை போல் இருக்கலாம். ஆய்வகத் தாளில் தேதி இருக்கும், நேரம் இருக்கும். அந்த நேரத்துத் தாளம் இருக்காது. அன்றே எடுத்த ஈ.சி.ஜி. பக்கத்தில் இல்லையென்றால் அந்த எண்ணின் பாதிப் பொருள் போய்விடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, வயது ஏற ஏற இந்த எண் ஏறும். சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும். உடற்பருமன் உள்ளவர்களிடமோ இது எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே 75 வயதான மெலிந்த மூதாட்டியின் எண்ணையும் 45 வயதான பருத்த ஆணின் எண்ணையும் அருகருகே வைத்து, யாருடைய மேலறை நலமானது என்று தீர்ப்பளிக்க முடியாது. இதயச் செயலிழப்புக்கான சக்குபிட்ரில் கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு பி.என்.பி. உயர்ந்து காட்டக்கூடும், அவர்களுக்கு என்.டி.-புரோ பி.என்.பி. பார்ப்பதே சரி.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எண் உயர்ந்திருப்பதற்கு இதயச் செயலிழப்பு காரணமாக இருந்தால், அப்படிப்பட்டவர்களுக்கே அப்லேஷனால் பெரும் நன்மை கிடைத்திருக்கிறது. 2018-இல் வெளியான காசில்-ஏ.எஃப். ஆய்வில் சேர்க்கப்பட்ட 363 பேருக்கும் இதயத்தின் இறைப்புத் திறன் 35 விழுக்காடு அல்லது அதற்கும் கீழ். மரணம் அல்லது செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்தல் என்ற நிலை, அப்லேஷன் செய்தவர்களில் 28.5 விழுக்காட்டினருக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 44.6 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதும் சிகிச்சையால் பயன் குறைவு என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அப்லேஷனுக்கு மறுநாள் ட்ரோபோனின் பன்மடங்கு உயர்ந்திருந்தது. மாரடைப்பா?

அப்லேஷன் என்பதே தேர்ந்தெடுத்த இடத்தில் இதயத் தசையை அழிப்பதுதான். அழிந்த தசையிலிருந்து ட்ரோபோனின் இரத்தத்தில் கலந்தே தீரும். ஏறத்தாழ எல்லோரிடமும் அது உயரும். நெஞ்சுவலியோ ஈ.சி.ஜி.யில் புதிய மாற்றமோ இல்லாதவரை அந்த உயர்வை மட்டும் வைத்து மாரடைப்பு என்று முடிவு செய்வதில்லை.

உயர்வு எவ்வளவோ அவ்வளவு நல்ல தழும்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் உண்டு. வளையம் முழுமையாக இருக்கிறதா என்பதே நோய் திரும்புவதைத் தீர்மானிக்கிறது. ஒரு சிறு இடைவெளி போதும், மின்சாரம் கசிந்துவிடும். எவ்வளவு தசை அழிந்தது என்பதை ட்ரோபோனின் உணர்த்தலாம். எங்கே இடைவெளி விழுந்தது என்பதை அது உணர்த்தாது. 2015-இல் வெளியான, 589 பேரைக் கொண்ட ஸ்டார் ஏ.எஃப். 2 ஆய்வில், நீடித்த ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு நுரையீரல் சிரை வளையத்துக்கு மேல் கூடுதல் இடங்களையும் அழித்துப் பார்த்தார்கள். அதனால் பலன் கூடவில்லை.

சி.ஆர்.பி. உயர்ந்தால் அழற்சியைக் குறைக்கும் மருந்து எடுக்கலாமா?

சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில நாள்களில் சி.ஆர்.பி. ஏறி இறங்குவது புண் ஆறுவதன் பகுதி. கிரேக்கத்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், கோல்கிசின் மாத்திரையை 3 மாதம் எடுத்தவர்களுக்கு சி.ஆர்.பி.யும் இன்டர்லூக்கின்-6-உம் குறைந்தன. தொடக்கக் காலத்தில் நோய் திரும்பியது மாத்திரை எடுத்தவர்களில் 16 விழுக்காடு, எடுக்காதவர்களில் 33.5 விழுக்காடு. பின்னர் கனடாவில், சிகிச்சையை ஒட்டிய சில நாள்களுக்கு மட்டும் கோல்கிசின் கொடுத்துப் பார்த்தபோது அத்தகைய பலன் கிடைக்கவில்லை, வயிற்றுப்போக்குதான் மிகுந்தது. எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கும் மருந்தாக அது ஆகவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கோல்கிசின் நஞ்சாகலாம் என்பதால், சி.ஆர்.பி. எண்ணைப் பார்த்துத் தாமாக வாங்கி விழுங்கும் மருந்தன்று இது.

புதிய பயோமார்க்கர்கள் ஏதேனும் நம்பிக்கை தருகின்றனவா?

பி.எம்.பி.-10 என்ற புரதம் தருகிறது. இதயத்தின் மேலறையிலேயே உண்டாவது என்பது இதன் தனிச்சிறப்பு; கல்லீரலோ மூட்டோ குறுக்கே பேசாது. இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அப்லேஷன் செய்துகொண்ட 359 பேரிடம் பல புரதங்களை அளந்தபோது, இது உயர்ந்திருந்தவர்களிடம் நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது.

இரத்தக் குழாய்ச் சுவரின் நிலையைக் காட்டும் ஆஞ்சியோபொயட்டின்-2 மற்றொன்று. நோய் கண்டறிந்து ஓராண்டுக்குள் தாளத்தைச் சீர்செய்யும் சிகிச்சையைத் தொடங்கினால் என்ன பயன் என்று பார்த்த ஈஸ்ட்-ஏ.எஃப்.நெட் 4 ஆய்வு, 2,789 பேரைக் கொண்டு 2020-இல் வெளியானது. அச்சிகிச்சை, இதய-இரத்தக் குழாய் பாதிப்புகளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. அதில் பங்கேற்றவர்களுள் சுமார் 1,600 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். பி.எம்.பி.-10, ஆஞ்சியோபொயட்டின்-2, என்.டி.-புரோ பி.என்.பி. ஆகிய மூன்றும் குறைவாக இருந்தவர்களுக்கு ஓராண்டு முடிவில் சைனஸ் தாளம் நிலைத்திருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. மேலறை எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதை ஊசி முனையில் அறியும் காலம் நெருங்குகிறது என்று நம்புவதற்கு இது நல்ல காரணம்.

பிறகு ஏன் இவற்றை எல்லோருக்கும் செய்வதில்லை?

முன்கூட்டிச் சொல்வது வேறு, சொன்னதை வைத்து நோயாளிக்கு நன்மை செய்வது வேறு. சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் வயது, முந்தைய பக்கவாதம், என்.டி.-புரோ பி.என்.பி., ட்ரோபோனின் ஆகியவற்றைச் சேர்த்துப் பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண் ஒன்றை 2016-இல் வெளியிட்டார்கள். பழைய மதிப்பெண்களைவிட அது துல்லியமாகக் கணித்தது. ஆனால் அதைக் கையில் கொடுத்து மருத்துவம் செய்யச் சொன்ன குழுவையும் வழக்கமான மருத்துவம் பெற்ற குழுவையும் ஒப்பிட்டபோது, பக்கவாதமும் மரணமும் குறையவில்லை. அப்லேஷன் துறையில் இத்தகைய சோதனைக்கு இன்னும் எந்த எண்ணும் தன்னை முழுமையாக உட்படுத்தவில்லை.

நம் நாட்டு வாசகருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்தவை. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, அதனால் ஃபிப்ரிலேஷன் வந்தவர்கள் இந்தியாவில் இன்றும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களை இத்தகைய ஆய்வுகள் பொதுவாகச் சேர்ப்பதில்லை. மருந்து விஷயத்திலேயே அவர்கள் வேறுபட்டவர்கள். 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதய நோயாளிகளுக்குப் புதிய உறைதடுப்பு மருந்தான ரிவராக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மருந்தே மேலானதாக இருந்தது. வால்வு சுருங்கியவரின் மேலறை இழுபடுவதற்குக் காரணமே வேறு. ஐரோப்பிய எண்களின் எல்லைக்கோட்டை அவர்மீது அப்படியே வைப்பது சரியாகாது.

எண்கள் எல்லாம் இறங்கிவிட்டன, படபடப்பும் இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தலாமா?

எண் இறங்கியதைக் காரணமாக வைத்து நிறுத்தக் கூடாது. அப்லேஷனுக்குப் பின் குறைந்தது 2 முதல் 3 மாதம் வரை எல்லோரும் அந்த மாத்திரையைத் தொடர வேண்டும். புதிதாகக் காயப்பட்ட மேலறைச் சுவரில் இரத்தம் எளிதில் உறையும். அதற்குப் பிறகு தொடர்வதா என்பதை வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார். தாளம் சீரானதால் இந்தக் காரணங்கள் மறைந்துவிடுவதில்லை. உணரப்படாமலேயே ஃபிப்ரிலேஷன் வந்துபோவதும் உண்டு.

அப்படியானால் இப்போது செய்துகொள்ளத் தகுந்த இரத்தப் பரிசோதனைகள் எவை?

பெயர் பெற்ற பயோமார்க்கர்களைவிடச் சாதாரணப் பரிசோதனைகள்தான் சிகிச்சையை மாற்றுகின்றன. தைராய்டு மிகையாகச் சுரப்பதே ஃபிப்ரிலேஷனுக்குக் காரணமாக இருக்கலாம் என்பதால் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச். பார்க்காமல் அப்லேஷனுக்குப் போகக் கூடாது. பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்தால் துடிப்பு தடுமாறும். உறைதடுப்பு மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க, சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின் வேண்டும். ஹீமோகுளோபின் இறங்குவது உள்ளே எங்கோ இரத்தம் கசிவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். மூன்று மாதச் சர்க்கரை அளவும் தெரிய வேண்டும். முடி வளர்வதற்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை ஆய்வகத்தில் சொல்லிவிடுவது நல்லது. சில பரிசோதனை முறைகளில் அது டி.எஸ்.ஹெச்., ட்ரோபோனின் முடிவுகளைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

என்.டி.-புரோ பி.என்.பி. பார்ப்பதாக இருந்தால் அதே ஆய்வகத்தில், அதே முறையில், அன்றைய ஈ.சி.ஜி.யுடன் சேர்த்துப் பாருங்கள். ஒருவரின் இரண்டு எண்களை ஒப்பிடுவது, இருவரின் எண்களை ஒப்பிடுவதைவிடப் பன்மடங்கு பொருளுடையது.

இரத்தத்தில் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 2014-இல் வெளியான ஆய்வில், அப்லேஷனோடு எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, உறக்க மூச்சுத்தடை, மது, புகை ஆகியவற்றையும் முறையாகக் கவனித்துக்கொண்டவர்களில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அப்லேஷன் செய்தவர்களையும் சேர்த்துப் பார்க்கையில், 87 விழுக்காட்டினர் நோயின்றி இருந்தார்கள். மற்றவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அன்று என்பதால் அந்த இடைவெளியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் எந்தத் திசையில் பலன் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்லேஷனுக்குப் பின் காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுக் காத்திருக்கலாமா?

முதல் ஓரிரு நாள் இலேசான காய்ச்சல் வருவதுண்டு. ஆனால் ஒரு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஏதேனும் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இடது மேலறைக்கு ஒட்டினாற்போல் பின்னால் உணவுக்குழாய் செல்கிறது. வெப்பத்தால் இரண்டுக்கும் நடுவே துளை விழுவது மிக அரிதாக நேரும். 5,53,729 சிகிச்சைகளைத் திரட்டிப் பார்த்து 2023-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் இது 138 பேருக்கு நேர்ந்திருந்தது. அவ்வளவு அரிது. ஆனால் நேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் இறந்தார்கள்.

இந்நிலையில் வெள்ளணுக்களும் சி.ஆர்.பி.யும் உயர்வது வழக்கம், எனினும் சாதாரணக் கிருமித் தொற்றிலும் அவை அப்படியே உயரும் என்பதால் வேறு காய்ச்சல் என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடும் அபாயம் இருக்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் "எனக்கு இத்தனை வாரத்துக்கு முன் இதயத்தில் அப்லேஷன் செய்தார்கள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தேவைப்படுவது நெஞ்சுப் பகுதியின் சி.டி. ஸ்கேன். எண்டோஸ்கோப்பியில் உள்ளே செலுத்தப்படும் காற்று அந்தத் துளை வழியாக இதயத்துக்குள் புகுந்து மூளைக்குச் செல்லக்கூடும் என்பதால், சி.டி. பார்ப்பதற்கு முன் எண்டோஸ்கோப்பிக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.